உருக்காலைத் தூசியில் உலோகம்: எடுத்த பிறகு மிஞ்சுவது யார் கணக்கில்?

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி:

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் தொகுதிக்காரர்கள் தில்லிக்கு வருவது வழக்கம். ரயில் நிறுத்தம், ஓய்வூதியம், பாஸ்போர்ட் என்று ஆளுக்கொரு மனுவுடன் வருவார்கள். அப்படி வந்திருந்த ஒருவர் கையில் மனு எதுவும் இல்லை. நான்காக மடித்த ஒரு காலிப் பை மட்டும் இருந்தது. துத்தநாக சல்பேட் வந்த பை.

அவருக்கு ஊர் கள்ளிக்காடு. நெய்யாறு அணைக்குப் பக்கத்தில், கேரளத்தில் உள்ள ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. அந்தப் பகுதியில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு. இவர் வாழை வைத்திருக்கிறார். விளவங்கோட்டுப் பக்கம் மைத்துனரின் வயலில் நெல்லையும் கவனித்துக் கொள்கிறார். நெய்யாற்று இடதுகரைக் கால்வாய்த் தண்ணீர் வழக்கைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையை விரித்தார்.

"சாரே, இத எதுல இருந்து எடுக்கிறானுவ? வயலுக்குப் போடுற சாதனம்தானே. கடைக்காரன்ட்ட கேட்டா அவனுக்கே தெரியல்ல."

இந்தக் கேள்வி அவருக்கு மகனிடமிருந்து வந்திருக்கிறது. மகன் வளைகுடாவில் இரும்புக் குழாய்களுக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவர். உருகிய துத்தநாகத் தொட்டியின் மேல் படியும் சாம்பலை வழித்து டிரம்களில் அடைப்பார்களாம். 'அது இந்தியாவுக்குத்தான் போகிறது, அங்கே உரமாக்குகிறார்கள்' என்று மேஸ்திரி சொன்னாராம். உண்மைதானா என்பதே தகப்பனாரின் கேள்வி.

அந்த மேஸ்திரி சொன்ன சரக்கு எங்கே போனது என்பதை நான் அறியேன். ஆனால் அப்படி ஒரு வழி உண்டு என்பது உண்மை. அதில் சட்டவிரோதமாகவும் எதுவும் இருக்க வேண்டியதில்லை. சாம்பல், தூசி, கசடு ஆகியவற்றிலிருந்து அமிலத்தில் கரைத்து உலோகம் மீட்பது நெடுநாளையத் தொழில். அண்மைக் காலத்தில் அதற்கு மத்திய அரசின் பெருந்திட்டம் ஒன்றும் துணை சேர்ந்திருக்கிறது. எனவே இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது வாழைத் தோட்டத்துக்கு மட்டும் உரிய வேலை அல்ல.

தூசி எப்படி உண்டாகிறது?

நகைப் பட்டறைத் தெருவின் சாக்கடை மண்ணை அள்ளி, தட்டில் அலசி, பொன் துகள் எடுக்கும் அரிப்புக்காரர்களைத் தமிழ்நாட்டில் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலின் தத்துவம் புதிதல்ல. வேலை செய்யும் இடத்தில் உலோகம் சிந்தும்; சிந்தியதைப் பொறுக்குகிறவனுக்கும் கூலி கிடைக்கும். உருக்காலையில் சிந்துவது காற்றில் பறக்கிறது என்பதுதான் வேறுபாடு.

துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே உருகிவிடும். 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். எஃகு உருக்கும் மின்வில் உலையின் வெப்பமோ 1,600 டிகிரியைத் தொடும். முலாம் பூசிய பழைய தகரமும் காரின் உடற்பகுதியும் அந்த உலையில் விழும்போது, மேலே பூசிய துத்தநாகம் ஆவியாகிப் புகைபோக்கியில் ஏறுகிறது. வழியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து மாவு போன்ற தூசியாகித் துணிப்பை வடிகட்டிகளில் சிக்குகிறது. ஒரு டன் எஃகுக்குச் சுமார் 15 முதல் 20 கிலோ வரை இத்தகைய தூசி கிடைக்கும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அதில் துத்தநாகத்துடன் இரும்பும் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980-இலேயே இதை அபாயகரக் கழிவுப் பட்டியலில் சேர்த்தது.

தாமிர உருக்காலையின் தூசி இன்னும் சிக்கலானது. தாதுவில் ஒளிந்திருக்கும் ஆர்சனிக், பிஸ்மத், ஈயம், துத்தநாகம் எல்லாம் வாயுவோடு கிளம்பி, மின்னியல் தூசிப் பிடிப்பான்களில் படிகின்றன. தாமிரமும் கொஞ்சம் இருப்பதால் ஆலைகள் அந்தத் தூசியை மறுபடியும் உலையிலேயே போடும். அப்படிச் சுற்றவிடச் சுற்றவிட ஆர்சனிக்கின் அளவு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஒரு பகுதியை வெளியே எடுத்துத் தனியாகக் கரைத்தாக வேண்டும்.

கரைக்கும் வேலை கேட்பதற்கு எளிது. நீர்த்த கந்தக அமிலத்தில் தூசியைக் கலக்கினால் துத்தநாக ஆக்சைடு உடனே கரையும். ஈயம் கரையாத சல்பேட்டாக அடியில் தங்கும். வடிகட்டினால் இரண்டும் பிரிந்துவிடும். ஆனால் துத்தநாகத்தில் ஒரு பகுதி இரும்புடன் இறுகப் பிணைந்து 'ஃபெரைட்' என்னும் சேர்மமாக இருக்கும். அது நீர்த்த அமிலத்துக்கு அசையாது. அமிலத்தைச் சூடாக்கிச் செறிவைக் கூட்டினால் அதுவும் கரையும். கூடவே இரும்பும் முழுதாகக் கரைந்து வந்து சேரும். பிறகு அந்த இரும்பைப் பிரித்தெடுத்து எங்கே கொட்டுவது என்பது தலைவலியாகிறது. அமிலத்துக்குப் பதில் காஸ்டிக் சோடாவில் கரைத்தால் இரும்பு அசையாமல் கிடக்கும். ஆனால் ஈயமும் துத்தநாகத்தோடு கரைந்து வந்துவிடும். செலவும் கூடும். உலகில் எஃகு ஆலைத் தூசியின் பெரும்பகுதி இன்றும் அமிலத்துக்குச் செல்வதில்லை. கரியுடன் சுழலும் சூளையில் இட்டுத் துத்தநாகத்தை மறுபடியும் ஆவியாக்கிப் பிடிக்கும் ஜெர்மானிய முறையான 'வேல்ஸ்' முறைதான் கோலோச்சுகிறது. கரைப்பு முறைக்கு மவுசு கூடுவது, தூசியில் அரிய உலோகங்கள் இருக்கும்போதும், சிறு ஆலைகள் குறைந்த முதலீட்டில் தொழில் தொடங்கும்போதும்தான்.

இந்தச் சிறு ஆலைகளிடமிருந்துதான் கள்ளிக்காட்டுக்காரரின் பை புறப்படுகிறது.

பைக்குள் வரக்கூடாத விருந்தாளி

இந்திய மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை உண்மையான பிரச்சினை. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல். நெனே, நெற்பயிரில் பரவிய 'கைரா' நோய் கிருமியால் வருவதல்ல, துத்தநாகக் குறைவால் வருவது என்று 1966-இல் கண்டறிந்தார். அதிலிருந்தே துத்தநாக சல்பேட் உழவர்களின் பட்டியலில் ஏறியது. நாட்டில் ஆய்வு செய்யப்பட்ட மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் போதவில்லை. தமிழகத்தில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்பது தமிழக உழவர்களுக்குப் பழகிப்போன பரிந்துரை.

அதைத் தயாரிக்கத் தூய துத்தநாகம் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே முலாம் பட்டறைச் சாம்பல், பித்தளை வார்ப்புக் கசடு, உருக்காலைத் தூசி ஆகியவையே மூலப்பொருள். அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, படிகமாக்கிப் பையில் அடைப்பார்கள். இதில் தவறில்லை. தூக்கி எறிய வேண்டிய பொருள் வயலுக்குப் பயன்படுகிறது என்றால் வரவேற்கவும் வேண்டும்.

சிக்கல் காட்மியத்தில் இருக்கிறது. ஈயம் அடியில் தங்கிவிடும் என்று பார்த்தோம். இரும்பையும், அமிலத்தன்மையைக் குறைத்து ஆக்சிஜனேற்றம் செய்தால் துருவாக வீழ்த்திவிடலாம். காட்மியமோ துத்தநாகத்தின் ஒன்றுவிட்ட தம்பி போன்றது. அண்ணன் கரைந்தால் அதுவும் கரையும்; அண்ணன் படிகமானால் அதுவும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்கத் தனியாக ஒரு படி வேண்டும். கரைசலில் துத்தநாகத் தூளைப் போட்டால் காட்மியம் உலோகமாக வெளியேறும். தூளுக்குச் செலவாகும், நேரமும் ஆகும். செலவைக் குறைக்க நினைக்கும் ஆலை முதலில் கைவைக்கக்கூடிய படி இதுதான். கைவைத்தாலும் பையில் 21 சதவீதத் துத்தநாகம் சரியாகவே இருக்கும். பயிரும் பச்சைப் பிடிக்கும். உழவருக்கு ஐயம் எழ வழியே இல்லை.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் இதற்குக் கொடுத்த விலையை உலகம் அறியும். கமியோகா துத்தநாக-ஈயச் சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து, ஆற்று நீர் வயலில் பாய்ந்து, காட்மியம் அரிசியில் ஏறியது. எலும்புகள் நொறுங்கி, வலியால் அலறியே அந்த நோய்க்கு 'இதாய்-இதாய்' என்று பெயர் வந்தது. 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள். ஜப்பானிய அரசு 1968-இல்தான் அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. அது சுரங்கக் கழிவு, உரப் பை அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பீதி கிளப்புவது முறையன்று. ஆனால் நெல் காட்மியத்தை ஏற்றுக்கொள்ளும் பயிர் என்ற பாடம் அங்கிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. 1997-இல் 'சியாட்டில் டைம்ஸ்' நாளிதழ், அபாயகரத் தொழிற்கழிவுகள் உரமாக உருமாறி விளைநிலத்துக்குப் போவதைத் தொடராக வெளியிட்டது. எஃகு ஆலைத் தூசியிலிருந்து செய்யப்படும் துத்தநாக உரத்துக்கு அதுவரை கழிவு விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. 2002-இல் அந்த விலக்கு நீக்கப்பட்டு, கழிவிலிருந்து தயாராகும் துத்தநாக உரங்களில் ஈயம், காட்மியம், ஆர்சனிக் உள்ளிட்டவற்றுக்கு வரம்பு விதிக்கப்பட்டது.

நம் நாட்டில் வரம்பே இல்லையா என்றால், இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி துத்தநாக சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் ஈயம் 0.003 சதவீதத்துக்கும், காட்மியம் 0.0025 சதவீதத்துக்கும், ஆர்சனிக் 0.01 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோவில் காட்மியம் 25 மில்லிகிராம். காகிதத்தில் கண்டிப்பான வரம்புதான். அதைச் சோதிக்க வேண்டியவர்கள் மாநில அரசுகளின் உர ஆய்வாளர்கள். துத்தநாகம் 21 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண ஆய்வுக்கூடம் போதும். 25 மில்லிகிராம் காட்மியத்தைக் கண்டுபிடிக்க அணு உறிஞ்சல் கருவி வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். உரம் என்றாலே யூரியா தட்டுப்பாடு பற்றி மட்டும் விவாதிக்கும் அவையில், நான் கவனித்தவரை, இந்தக் கருவிகளைப் பற்றிய பேச்சு எழுவது அபூர்வம்.

657/1995: ஒரு வழக்கும் இரு ஆறுகளும்

இறக்குமதியாகும் கழிவுக் கதையைப் பேசினால் உச்ச நீதிமன்றத்தின் ஒரு வழக்கைத் தவிர்க்க முடியாது. அறிவியல், தொழில்நுட்பம் மற்றும் இயற்கை வளக் கொள்கைக்கான ஆய்வு அறக்கட்டளை 1995-இல் தொடர்ந்த பொதுநல வழக்கு அது. மேலை நாடுகள் கழிவை மறுசுழற்சி என்ற பெயரில் இந்தியத் துறைமுகங்களில் இறக்குகின்றன என்பது குற்றச்சாட்டு. துத்தநாகச் சாம்பல், ஈயக் கசடு, பழைய பேட்டரி எல்லாம் அந்த விவாதத்தில் அடிபட்டன. 1997-இல் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையின் பேரில் 2003 அக்டோபர் 14-ஆம் தேதி நீதிமன்றம் விரிவான உத்தரவைப் பிறப்பித்தது. உத்தரவுகள் நடைமுறையாகின்றனவா என்று பார்க்கக் கண்காணிப்புக் குழு ஒன்றும் அமைந்தது.

அந்தக் கண்காணிப்புக் குழு 2004-இல் தெற்கே வந்தது. ஆகஸ்டில் கேரளத்தின் ஏலூர், செப்டம்பரில் தூத்துக்குடி.

ஏலூர் பெரியாற்றின் ஒரு கரை என்றால், எதிர்க்கரையில் எடையார். அங்கேதான் கனடாவின் கொமின்கோ நிறுவனமும் பினானி குழுமமும் சேர்ந்து அமைத்த துத்தநாக உருக்காலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கேரளத்தில் துத்தநாகச் சுரங்கம் கிடையாது. தாது கொச்சித் துறைமுகம் வழியாக வந்தது. வறுத்து, அமிலத்தில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் படிய வைக்கும் முறை. கரைப்பில் கூடவே வந்துவிடும் இரும்பை வெளியேற்ற, 1960-களில் ஸ்பெயின், நார்வே, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. இரும்பை 'ஜாரோசைட்' என்னும் மஞ்சள் நிறச் சேறாக வீழ்த்துவது அந்த வழி. நன்றாக வடிகட்டலாம், துத்தநாகம் வீணாவது குறையும். உலகின் துத்தநாகத் தொழிலுக்கு மறுவாழ்வு தந்த கண்டுபிடிப்பு அது. ஆனால் ஒரு டன் துத்தநாகத்துக்கு அரை டன்னுக்கும் மேல் ஜாரோசைட் குவியும். அதில் சில சதவீதம் துத்தநாகமும் ஈயமும், கொஞ்சம் காட்மியமும் தங்கியிருக்கும். வெறும் மண்ணென்று கொட்ட முடியாது. உலோகம் என்று விற்கவும் முடியாது.

எடையார் ஆலை 2014-ஆம் ஆண்டு இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. தொழிலாளர்கள் வெளியேறினார்கள். ஜாரோசைட் வெளியேறவில்லை. கொச்சி நகரம் குடிநீர் எடுக்கும் அதே ஆற்றின் கரையில், ஆலை நின்ற பிறகும் கழிவு நின்றது.

தூத்துக்குடி தமிழ் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஊர் அல்ல. ஆனாலும் 2004-இன் அந்த இரண்டு நாள்களை நினைவூட்டலாம். செப்டம்பர் 21-ஆம் தேதி கண்காணிப்புக் குழு ஸ்டெர்லைட் தாமிர ஆலையைப் பார்வையிட்டது. கழிவு நிர்வாகத்தைக் குறைகூறி, விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரக் கூடாது, தந்திருந்தால் திரும்பப் பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. மறுநாள், 22-ஆம் தேதி, தில்லியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த அனுமதியை வழங்கியது. சாஸ்திரி பவனும் பர்யாவரண் பவனும் எப்படி இயங்குகின்றன என்று கேட்கும் இளம் நிருபர்களுக்கு நான் இந்த இரண்டு தேதிகளையே சொல்வது வழக்கம்.

2018 ஏப்ரலில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலைக்கு இயக்க அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களைத் திரும்பப் படித்துப் பார்க்கலாம். உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை, அபாயகரக் கழிவுக்கான அங்கீகாரம் இல்லை, நிலத்தடி நீர் ஆய்வு முடிவுகளைத் தரவில்லை, ஜிப்சம் குட்டை அமைக்கவில்லை என்று பெரும்பாலும் மிச்சங்களைப் பற்றிய காரணங்களே. அதே ஆண்டு மே 22-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28-ஆம் தேதி ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி, மூடலை எதிர்த்த வேதாந்தா நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பிலும் கசடும் கழிவும் மையமான இடத்தைப் பெற்றிருக்கின்றன.

ஆலை மூடியதால் 2018-க்குப் பின் இந்தியா சுத்திகரித்த தாமிரத்தை ஏற்றுமதி செய்யும் நாடு என்ற நிலையிலிருந்து இறக்குமதி செய்யும் நாடானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வாதத்தை முன்வைப்பவர்கள் உறுப்பினர்களிடையே கட்சி வேறுபாடின்றி உண்டு. குஜராத்தின் முந்த்ராவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுடன் திட்டமிடப்பட்ட புதிய தாமிர ஆலை 2024-இல் இயங்கத் தொடங்கியது. தாமிரம் உருக்கும் இடம் மாறலாம். தூசி உண்டாகும் விதம் மாறாது.

திட்டத்தில் பணம் இருக்கிறது

இவ்வளவு காலம் தொழிற்சாலையின் பின்கொல்லையில் கிடந்த இந்த விஷயம் இப்போது தில்லியில் நடுக்கூடத்துக்கு வந்ததற்குக் காரணம் சீனா. 2023 ஆகஸ்ட் முதல் காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு அந்நாடு கட்டுப்பாடு விதித்தது. 2025 பிப்ரவரியில் பிஸ்மத், இண்டியம், டெல்லூரியம், டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகியவை சேர்ந்தன. இவற்றில் ஜெர்மானியமும் இண்டியமும் பெரும்பாலும் துத்தநாக ஆலையின் எச்சத்தில் கிடைப்பவை. பிஸ்மத்தும் டெல்லூரியமும் தாமிர, ஈய ஆலைகளின் தூசியிலும் மின்பகுப்புச் சேற்றிலும் வருபவை. இவற்றுக்கென்று தனிச் சுரங்கம் தோண்டுவது அரிது. அடுத்தவர் கழிவில்தான் தேட வேண்டும்.

மத்திய சுரங்க அமைச்சகம் 2023 ஜூனில் வெளியிட்ட முக்கியக் கனிமங்கள் பட்டியலில் உள்ள 30 பெயர்களில் இவையெல்லாம் இருக்கின்றன. காட்மியமும் இருக்கிறது. உரப் பையில் விஷம் என்று வரம்பு கட்டப்பட்ட அதே பொருள், சுரங்க அமைச்சகத்தின் பட்டியலில் நாட்டுக்கு இன்றியமையாத கனிமம்! சூரிய மின்தகடுகளில் காட்மியம் டெல்லூரைடு பயன்படுவதால் இந்தப் பெருமை.

2025 ஜனவரி 29-ஆம் தேதி மத்திய அமைச்சரவை தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அரசின் செலவு ரூ.16,300 கோடி, பொதுத்துறை நிறுவனங்களும் மற்றவர்களும் ரூ.18,000 கோடி முதலீடு செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சுரங்கக் கழிவு, எரிசாம்பல், அலுமினிய ஆலைகளின் செஞ்சேறு போன்றவற்றிலிருந்து கனிமம் மீட்கும் முன்னோட்டத் திட்டங்களுக்கென்று இதில் ரூ.100 கோடி ஒதுக்கப்பட்டது. பின்னர் செப்டம்பர் 3-ஆம் தேதி மறுசுழற்சி ஆலைகளுக்கு ரூ.1,500 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. மின்னணுக் கழிவு, லித்தியம் பேட்டரி ஆகியவை முதன்மை இலக்கு. மூன்றில் ஒரு பங்கு சிறு மற்றும் புதிய நிறுவனங்களுக்கு. ஆண்டுக்கு 2.7 லட்சம் டன் மறுசுழற்சித் திறன், 40 ஆயிரம் டன் முக்கியக் கனிமம், 70 ஆயிரம் வேலைவாய்ப்பு என்று அரசு கணக்கிட்டிருக்கிறது.

2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் ஈயம், துத்தநாகம் உள்ளிட்டவற்றின் உலோகக் கழிவுக்கு அடிப்படைச் சுங்க வரி நீக்கப்பட்டதும் இதே திசையில் எடுத்து வைத்த அடிதான். இங்கே வாசகர்கள் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சுங்க அட்டவணையில் துத்தநாக உலோகக் கழிவு 7902 என்ற தலைப்பின் கீழ் வருகிறது. சாம்பல், தூசி, எச்சம் ஆகியவை 2620. முன்னது பழைய உலோகத் துண்டு. பின்னது வேதியியல் பிரச்சினை. மேடைப் பேச்சுகளில் இரண்டும் 'ஸ்கிராப்' என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகின்றன.

சட்டம் அவ்வாறு கரைப்பதில்லை என்பது ஆறுதல். பாஸல் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன் எட்டாவது இணைப்பில் 'துத்தநாகக் கரைப்பின் எச்சம், ஜாரோசைட் போன்ற சேறு' ஏ1070 என்ற எண்ணிலும், 'தாமிர உருக்காலை வாயுச் சுத்திகரிப்பின் தூசி' ஏ1100 என்ற எண்ணிலும் அபாயகரமானவையாக வெளிப்படையாகப் பெயர் சுட்டப்பட்டிருக்கின்றன. 2016 ஏப்ரல் 4-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையிலும் துத்தநாகச் சாம்பல், வறுப்பு உலைத் தூசி, ஆர்சனிக் சேறு ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. ஒரு ஆலையின் கழிவை இன்னொரு ஆலை மூலப்பொருளாக்க வேண்டுமானால் ஒன்பதாவது விதிப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். மத்திய வாரியம் வகுத்த செயல்முறைக் குறிப்பைப் பின்பற்றவும் வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் அந்த அங்கீகாரத்தைக் கேட்டு வருபவருக்குத்தான் அது பொருந்தும். தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மொராதாபாத்தில் வராதவர்களைப் பார்க்கலாம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பெயர் பெற்ற அந்நகரில் வார்ப்புச் சாம்பலை அலசி உலோகம் எடுப்பது பழைய தொழில். மின்னணுக் கழிவு வந்த பிறகு, சுற்றுப்பலகைகளை எரித்து, அரைத்து, அந்தக் கருஞ்சாம்பலை ராம்கங்கை ஆற்றில் கழுவி எடுத்தார்கள்; அமிலத்திலும் கரைத்தார்கள். கரையில் சாம்பல் மேடுகள் எழுந்தன. 2017 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆற்றங்கரையில் இந்தக் கழிவைக் கொட்டுபவருக்கு ரூ.1 லட்சம் அபராதம் என்று உத்தரவிட நேர்ந்தது. கையுறை கூட இல்லாமல் அங்கே வேலை பார்த்தவர்கள் செய்ததும், தேசிய இயக்கம் செய்ய விரும்புவதும் வேதியியல் நோக்கில் ஒரே வேலைதான். ஒன்று ஆற்றில், மற்றது மூடிய தொட்டியில்.

மூடிய தொட்டியிலும் ஆபத்து உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்மியத்தைப் பிரிக்கத் துத்தநாகத் தூள் போடுவார்கள் என்றேன் அல்லவா? கரைசலில் ஆர்சனிக் இருந்து, அமிலத்தன்மையும் கூடுதலாக இருந்தால், அந்த நேரத்தில் ஆர்சைன் என்ற வாயு கிளம்பும். லேசான பூண்டு வாசனை தவிர வேறு அறிகுறி இல்லை. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஆளையே கொல்லக்கூடியது. பெரிய ஆலைகளில் அதற்கென்று உணர்கருவி இருக்கும், வாயு உறிஞ்சும் அமைப்பு இருக்கும். ஊக்கத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு பெறப்போகும் சிறு ஆலைகளில் இவை இருக்கின்றனவா என்று யார் பார்ப்பார்கள்? தொழிற்சாலை ஆய்வாளர் தொழிலாளர் துறையில். கழிவு ஆய்வாளர் மாசு வாரியத்தில். உர ஆய்வாளர் வேளாண் துறையில். ஊக்கத்தொகை சுரங்க அமைச்சகத்தில். நான்கு அலுவலகங்களின் கோப்புகளும் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் எனக்குத் தெரிந்தவரை நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்றுதான்.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானில் உள்ள இந்துஸ்தான் ஜிங்க் ஆலைகள் ஜாரோசைட்டுடன் சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்து 'ஜாரோஃபிக்ஸ்' என்னும் கெட்டிப்பொருளாக்கும் கனடிய முறையைக் கடைப்பிடித்தன. சாலை அமைப்பில் மண்ணுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்த முடியுமா என்று மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தது. சந்தேரியாவில் எச்சத்தையே மறுபடி உருக்கித் துத்தநாகத்தையும் ஈயத்தையும் ஆவியாக எடுக்கும் உலையும் நிறுவப்பட்டது. முதலீடு செய்ய வல்ல பெரிய நிறுவனம் மனம் வைத்தால் எச்சத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. அந்த நிறுவனத்தின் பங்குகளை 2002-இல் அரசு விற்ற விதம் பற்றி வழக்குப் பதிந்து விசாரிக்க 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டதும் அதே நிறுவனத்தின் வரலாறுதான். அது வேறு கதை.

கேரளத்திலும் தமிழகத்திலும் அப்படி ஒரு பெரிய ஆலை இயங்கவில்லை. எடையாரும் தூத்துக்குடியும் நின்றுபோனவை. இங்கே இருப்பவை முலாம் பட்டறைகள், இரண்டாம் நிலை ஈய உலைகள், கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இயங்கும் எஃகு உருக்கு உலைகள், அவற்றின் தூசியையும் சாம்பலையும் வாங்கும் சிறு நிறுவனங்கள் ஆகியவைதான். நாட்டின் எஃகில் பாதிக்கு மேல் மின் உலைகளில் வார்க்கப்படுகிறது. முலாம் பூசிய பழைய கார்கள் பழைய இரும்புக் கடைக்கு வரும் எண்ணிக்கை ஏற ஏற, அந்த உலைகளின் தூசியில் துத்தநாகம் ஏறும். அமிலத் தொட்டிகளின் எண்ணிக்கையும் கூடும்.

இவ்வளவையும் கள்ளிக்காட்டுக்காரரிடம் ஒரு தேநீருக்குள் சொல்ல முடியவில்லை. பையில் அச்சிட்டிருந்ததை இருவருமாகப் படித்துப் பார்த்தோம். துத்தநாகம் 21 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மூலப்பொருள் எது என்பது எங்கும் இல்லை. மாவட்ட உர ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதிரியை அனுப்பி, காட்மியத்தையும் ஈயத்தையும் குறிப்பாகச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள் என்றேன்.

"கேரளத்துல எழுதணுமா, தமிழ்நாட்டுலயா? பை வாங்குனது களியக்காவிளையில. போட்டது ரெண்டு பக்கமும்லா?"

இரண்டு பக்கமும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பையை அவர் மறுபடியும் நான்காக மடித்து வைத்துக்கொண்டார்.